எங்களுக்கு முன்னால் புறப்பட்டுப்போன டிக்கெட்டுகள்

சென்ற ஆகஸ்டில், நாடு சுதந்திரம் பெற்று ஒரு வருடம் ஆகும் சமயத்தில், பல நாட்டு அணிகள் ஆடிய காற்பந்துப் போட்டியைப் பார்க்க அப்பாவும் நானும் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் போய்வந்தோம். அடுத்த முறை மலாக்காவிலிருந்து போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால், பந்து எனக்கு ஒரு சாக்குதான். ஈப்போவில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலைக்கு எனக்குக் கடிதம் வந்திருந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சிங்கப்பூரில் படித்தபோது சித்தப்பா வீட்டில் தங்கியிருந்தேன். ஈப்போவில் எங்களுக்கு யாரும் இல்லை. துறைமுகக் கிடங்கில் மூட்டை எடை போடும் என் அப்பா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“கடையில அரை கட்டி எடைக்கு சீனி கேக்கவே உனக்கு வாய் வராது. ஈப்போவுல உனக்காக யாரும்மா பேசுவா?”

அது பொய்யில்லை. ஆனால் மூலை காப்பிக்கடை ரேடியோவில் ஒரு ஆட்டத்தையும் விடாமல் கேட்கிறவர் அவர். இரண்டு ஊர்களிலும் ஆட்டம் காட்டி, ஒழுங்காகத் திரும்பக் கூட்டி வந்தால் என்னை அனுப்புவாரா என்று கேட்டேன்.

“சரி. நான் வாயே திறக்க மாட்டேன், பின்னாலயே வருவேன். எங்கயாச்சும் முழிச்சேன்னு வையி, மலாக்காவுலயே வேலை தேடிக்கணும்.”

மூன்று வாரம் திட்டம் போட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பதரை பஸ்ஸில் தம்பின் ரயில் நிலையம், இருபத்து நான்கு மைல். அங்கிருந்து ரயிலில் கோலாலம்பூர். மாலை ஐந்து மணிக்கு ஆட்டம். மறுநாள் அதிகாலை ரயிலில் ஈப்போ. ஆட்ட டிக்கெட்டுகளைக் கோலாலம்பூர்த் தோழி முன்னதாகவே வாங்கித் தபாலில் அனுப்பிவிட்டாள். இடம் ஒவ்வொன்றின் விலை இரண்டு வெள்ளி.

அம்மாவுக்கு ஒரே ஒரு குறை. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அதற்கு அவர் வழி வைத்திருந்தார். முதல் நாளே நல்ல நேரத்தில் நம் பை ஒன்றை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை என் பை பக்கத்து வீட்டு மீனாச்சி மக்சிக்கிடம், அதாவது மீனாச்சி அத்தையிடம், போயிற்று. அவர் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் பல தலைமுறைக்கு முன்பே குடியேறிய மலாக்கா செட்டிக் குடும்பத்தவர். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பையை எடுக்கப் போனேன். கதவில் பூட்டு. அப்போதுதான் உறைத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று டிக்கெட் உறையை அந்தப் பையின் அடியில் வைத்தவள் நான்தான்.

அப்பா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எதிர் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் போனேன். முதலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை கேட்டது. மீனாச்சி மக்சிக்கின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாம். விடியற்காலையிலேயே மகள் இருக்கும் உஜோங் பாசிருக்குப் போய்விட்டாராம். போர்த்துகீசியர் குடியிருப்புக்கு முந்திய சந்தில், நீல ஜன்னல் வீடு.

சாவி வாங்க உஜோங் பாசிர் போனால் பஸ் போய்விடும். பஸ் போனால் ரயிலும் போய்விடும். டிரைஷா என்கிற மூன்று சக்கர சைக்கிள் வண்டி பிடித்து வாடகைக் கார் நிற்கும் இடத்துக்குப் போனோம். கோலாலம்பூர் போகும் காரில் இரண்டு பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஏறினால் கார் நிறைந்துவிடும். ஆனால் அது முதலில் எதிர்த்திசையில் போக வேண்டும். ஓட்டுநரை ‘பக்சிக்’, மாமா என்று அழைத்து, மலாயில் விஷயத்தைச் சொன்னேன்.

“பை முதல்ல போகும், ஆள் பின்னால போகுமா? உங்க ஆளுங்க வழக்கம் நல்லா இருக்கே!” என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். “நான் சம்மதிச்சாலும் இவங்க ரெண்டு பேரும் சம்மதிக்கணுமே.”

முன் சீட்டில் இருந்த சீனத் தையல்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். பந்து டிக்கெட் என்றதும் தையல்காரர் திரும்பிப் பார்த்தார். அவரும் அதே ஆட்டத்துக்குத்தான் போகிறாராம். “சீக்கிரம், சீக்கிரம்!” என்று இப்போது அவர் ஓட்டுநரை விரட்டினார். சுற்றுக்குக் கூடுதலாக இரண்டு வெள்ளி என்று பேசி முடித்தேன்.

நீல ஜன்னல் வீட்டில் பை என்னைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. “புறப்பட்டுவிட்ட பையாச்சே, பூட்டிய வீட்டுக்குள்ளே அடைக்கலாமா? அதான் கூடவே தூக்கிட்டு வந்தேன்” என்றார் மீனாச்சி மக்சிக், எங்கள் வழக்கத்தை எங்களைவிடப் பத்திரமாகக் காப்பாற்றியவர். உள்ளே ஒரு குழந்தை அழுதது. பிறந்து ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

கார் திரும்பியபோது அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். அன்று அவர் சொன்ன முதல் வார்த்தை: “பத்து முப்பத்தஞ்சு. ராகு காலம் முடிஞ்சுபோச்சு. உங்கம்மா ஜெயிச்சுட்டா.”

அலோர் காஜா, சிரம்பான், காஜாங் என்று தொண்ணூற்றுச் சொச்சம் மைல். கோலாலம்பூர் சேர மதியம் இரண்டேகால். ரயிலில் வந்திருந்தாலும் ஏறக்குறைய அதே நேரம்தான். திடலில் கூரையில்லாத பக்கம் எங்களுக்கு இடம். நம் அணி கோல் போட்டபோது அப்பா எழுந்து கத்தினார். வாய் திறப்பதில்லை என்ற ஒப்பந்தம் அங்கே முழுவதுமாக முறிந்தது. நானும் கத்தினேன் என்பதை அவர்தான் பிறகு அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் ஈப்போவில் ஆட்டத்துக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கு நடந்து போனோம். நிலையத்திலிருந்து இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை, கேட் சாத்தியிருந்தது. காவலாளியிடம் அப்பா பேசுவார் என்று பழக்கத்தில் ஒதுங்கி நின்றேன். அவர் என் பின்னால் போய் நின்றுகொண்டார். நானே கேட்டேன். கேட் திறந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். டிக்கெட்டுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். குடை வேண்டும், ஈப்போவில் மாலை மழை நிச்சயம். தம்பின் பஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள், வாடகைக் கார் விலையையும் விசாரித்து வையுங்கள். வாய் வராது என்று நினைக்கிறவர்கள், முதல் கேள்வியை மெதுவாகக் கேட்டுவிட்டால் போதும், இரண்டாவது தானாக வரும்.

பள்ளி திறக்கப்போகிறது. நாளைக் காலை நான் ஈப்போவுக்குப் புறப்படுகிறேன், இம்முறை தனியாக. நாளையும் சனிக்கிழமை. சற்று முன் அம்மா கட்டிக் கொடுத்த பையை அப்பாவே தூக்கிக்கொண்டு மீனாச்சி மக்சிக் வீட்டுக்குக் கிளம்பினார். படியிறங்கியவர் நின்று, பையைத் திறந்து அடிவரை துழாவி, என் ரயில் டிக்கெட்டை எடுத்தார்.

“இத மட்டும் கையில வச்சுக்க, டீச்சர்” என்று நீட்டினார்.