தனித்தட்டு கேட்டவள்

என் கணவருக்கு இதயக் குழாயில் அடைப்பு ஆரம்பித்திருக்கிறது, கெட்ட கொழுப்பைக் குறைக்காவிட்டால் மாரடைப்பில்தான் போய் முடியும் என்றார் டாக்டர். தினமும் மாத்திரை, நடை; நெய்யும் ஆட்டுக்கொழுப்பும் கூடாது. அன்றே வீட்டில் நெய்யை நிறுத்தினேன். குழம்பை நாங்கள் ஆணம் என்போம்; தேங்காய்ப்பால் ஊற்றிய ஆணமும் நின்றது. கீரை, சுண்டல், குழம்பு மீன். முகத்தைச் சுளித்துக்கொண்டாவது சாப்பிட்டார்.

வீட்டில் சரி. கூத்தாநல்லூர்க் கல்யாணங்களை என்ன செய்வது? சவூதி, துபாய் ஆட்கள் லீவில் வந்துவிட்டால் அடுத்தடுத்து விருந்துதான். எங்கள் ஆண்கள் நான்கைந்து பேராக ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தப் பெரிய தட்டில் நெய்ச்சோறு, மேலே கறி. நல்ல துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளுவது மரியாதை. கொழுப்புள்ள துண்டுதான் நல்ல துண்டாம். அதை வேண்டாம் என்றால் அவமதிப்பாம். என்ன மரியாதையோ!

கணவரின் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முன்பே அந்த அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"மச்சான், இவருக்கு மட்டும் தனித்தட்டுல வெறுஞ்சோறும் மீனும் வைக்கச் சொல்லுங்க."

"என் மவ கல்யாணத்துல என் தம்பி தனியா உக்காந்து திங்கிறதா? அண்ணன் தம்பிக்குள்ள சண்டைன்னுல ஊரு பேசும்!"

"டாக்டர் சொன்னது தெரியும்ல உங்களுக்கு?"

"அதான் மாத்திரை போடுறான்ல? மாத்திரை எதுக்கு, பையில வச்சு அழகு பாக்கவா?"

கல்யாணத்தன்று மாடியில் பெண்கள் பக்கமிருந்து எட்டிப் பார்த்தேன். அண்ணனே தம்பியின் சஹனில் உட்கார்ந்து கொழுப்புள்ள நெஞ்சுக்கறியாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தார். இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு தின்றார்.

"அண்ணன் கையால வைக்கிது, நான் என்ன பண்றது?" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"நெஞ்சு வலிச்சா அதையும் அண்ணன் பக்கம் தள்ளிவிடுங்க."

கல்யாணங்கள் ஓய்ந்தபின் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு முன்பைவிடக் கூடியிருந்தது. மாத்திரை போட்டால் எதையும் தின்னலாம் என்று யார் சொன்னது என்று டாக்டர் கத்தினார். அந்த வயிற்றெரிச்சலோடு நேராக அண்ணன் வீட்டுக்குப் போய் என் மாமனார் இறந்த கதையை எடுத்தேன்.

"உங்க அத்தா நெஞ்சப் புடிச்சிக்கிட்டுப் போனப்ப அவங்களுக்கு உங்க வயசுதான். நீங்க ரத்தம் பாத்தீங்களா?"

"எனக்கென்னம்மா? கல்லு மாதிரி இருக்கேன்."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "மாடி ஏறுனா கல்லுக்கு மூச்சு வாங்குது!"

அந்த அம்மாவே மறுநாள் அவரை இழுத்துக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை எடுக்க வைத்தார். என் கணவரைவிட அவருக்குத்தான் கொழுப்பு அதிகம்.

சாயங்காலம் அண்ணனிடமிருந்து போன் வந்தது. இத்தனை மெல்லிய குரல் அவருக்கு இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

"யார்ட்டயும் சொல்லிடாதம்மா. இனிமே நானும் தம்பியும் ஒரே சஹன்ல உக்காந்துக்குறோம். ஒருத்தருக்கொருத்தர் தள்ளிக்க மாட்டோம்."

"மத்தவங்க தள்ளுவாங்களே?"



"அப்ப அவங்கள்ட்ட சொல்லித்தான் ஆவணுமா?" என்றார்.

"ஆமா. தனித்தட்டு கேட்டு நான் வாங்கிக்கட்டிக்கிட்டது போதும். இந்தத் தடவை நீங்க சொல்லுங்க" என்று போனை வைத்தேன்.