கடைசிக் காட்சியில் தெரிந்த முதுகு

நூறு நாள் ஓடிய படத்தின் கதாநாயகி தான்தான் என்று கத்தரீனா சொல்லிக்கொள்வாள். ஓடியது ஒன்பது நாள். அதில் அவள் வந்தது முதுகாக மட்டும். அதையும் அவளே, தேநீர் ஆறுவதற்குள் ஒப்புக்கொண்டுவிடுவாள்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். கொழும்பிலிருந்து பேய்ப்படம் எடுக்க வந்தவர்கள் அவளுக்கு வெள்ளைச் சேலை கட்டி, கூடையை மாட்டி, எட்டாம் நம்பர் மலையில் பனிக்குள் திரும்பி நிற்கச் சொன்னார்கள். நிற்க மட்டும்தான், கையை அசைக்கக்கூடாது. அந்த மலைக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. ஏழு வருடத்துக்கு முன் குளவிக் கூடு கலைந்தபோது கத்தரீனா ஓடித் தப்பியதும், பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த ராக்காயி செத்துப்போனதும் அங்கேதான். ராக்காயி பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கத்தரீனா திரும்பிப் பார்க்கவில்லை.

படம் வெளிவந்ததும் பத்திரிகைக்காரர்கள் துவைத்துக் காயப்போட்டார்கள். பேயைப் பார்க்கப் போனால் இரண்டு மணிநேரம் பனியைக் காட்டுகிறார்கள் என்றார் ஒருவர். இன்னொருவர் மட்டும், கடைசியில் கொழுந்து பறிக்கும் அந்த முதுகுக்காக இன்னொரு தடவை பார்க்கலாம் என்று எழுதியிருந்தார். பேப்பர்காரருக்கு நிற்பதும் பறிப்பதும் ஒன்றுதான் என்று நினைத்த கத்தரீனா, அந்தத் துண்டை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டினாள். லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, கண்டியில் பகல் காட்சி பார்க்க பஸ் ஏறினாள்.

பாதித் தியேட்டர் கொட்டாவி விட்டது. பேய்க்கு வழி தவறிப்போச்சா என்று முன்வரிசையில் ஒருவன் கேட்டுச் சிரிப்பு வாங்கினான். பிறகு கடைசிக் காட்சி வந்தது. பனிக்குள் நின்ற வெள்ளைச் சேலை அசைந்தது. இரண்டு கைகளும் செடிமேல் படர்ந்தன. முதல் பிடிக் கொழுந்தைக் கண்ணில் ஒற்றி, இடது தோளுக்கு மேலால் கூடைக்குள் போட்டன.

முன்வரிசைக்காரன் அடங்கிப்போனான். பன்னிரண்டு பெண்களும் திரையை விட்டுவிட்டுக் கத்தரீனாவைப் பார்த்தார்கள். முதல் பிடியைக் கண்ணில் ஒற்றுகிறவள் அந்தத் தோட்டத்தில் ஒருத்திதான் இருந்தாள், குளவி கொட்டிச் செத்தவள். 

மறுவாரம் பத்திரிகையிலிருந்து தர்ஷிகா என்ற பிள்ளை தேடி வந்தாள். அந்த முதுகுக்காரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதப்போகிறாளாம், போட்டோவும் வருமாம். கத்தரீனா தலைவாரி, கோயில் சேலை கட்டி உட்கார்ந்திருந்தாள்.

“கடைசி சீன்ல எப்படிம்மா அப்படிப் பறிச்சீங்க?”

ஒரு வார்த்தை போதும், பெயர் ஊரெல்லாம் போய்விடும். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. கத்தரீனா அலுமாரிக் கதவைப் பார்த்தாள். கூப்பிட்டவளை ஒரு தடவை விட்டுவிட்டு ஓடியாயிற்று; அவள் கையை இப்போது தன் கை என்று எப்படிச் சொல்வது?

“அது நான் இல்ல, பிள்ள. ராக்காயின்னு எழுதிக்க.”

அவங்களைப் பார்க்க முடியுமா என்று தர்ஷிகா கேட்டாள்.

“எங்க பாக்குறது? வந்தா, ஒரு நாள் பறிச்சுக் காட்டினா, போயிட்டா.”

பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருக்கும் கலாராணி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இன்னும் கொழுந்துக்குப் போகிறவள் அவள்.

“போகலக்கா,” என்றாள். “நேத்து எட்டாம் நம்பர்ல பறிச்சது நாங்க ஆறு பேரு. மடுவத்துல கொழுந்து நிறுக்கையில ஏழு கூடை இருந்துச்சு.”