போர்வைக்குள் போட்ட ஓட்டு

எண்பத்தைந்து வயதைக் கடந்தவர்களின் வீட்டுக்கே சென்று ஓட்டு வாங்கும் குழுவில் நான் இருந்தேன். ராபர்ட்சன்பேட்டையைத் தாண்டி, தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய பழைய லைன் வீடு ஒன்றில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். ஒடிசலான உடம்பு, எங்களுக்காகவே இஸ்திரி போட்ட சட்டை.

எதன் அருகே உட்கார்ந்தாலும் விரல் முட்டியால் தட்டிக் காது கொடுப்பார். சுரங்கத்துக்குள் தலைக்கு மேலே பாறை தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்த பழக்கம். ஓட்டுப் போடுவது வெளியே தெரியாமலிருக்க மேஜையில் நாங்கள் வைத்த அட்டை மறைப்பையும் தட்டினார்.

"இது தாங்காது சார்."

ஜன்னலில் ஒரு கட்சிக்காரன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாத்திப் போட்டா வீட்டுக்குத் தண்ணி வராதுன்னு நேத்தே சொல்ட்டுப் போனான்," என்றார் பெரியவர்.

கூட வந்த போலீஸ்காரரைக் கூப்பிட எழுந்தேன். பெரியவர் என்னைக் கையமர்த்திவிட்டு, கட்டிலில் கிடந்த போர்வையைத் தலையோடு இழுத்து மூடி, அதற்குள்ளேயே ஓட்டுச் சீட்டில் குறியிட்டு, உறையை ஒட்டித் தந்தார்.

"அவன் நிக்கட்டும் சார். முன்னல்லாம் பூத்துக்குப் போனா எங்க ஷிஃப்ட் ஆளுங்களப் பாப்பேன். இங்க யாரு கீறாங்க? தேடி வந்தவன் அவன் ஒருத்தன்தான்."

பிறகு ஜன்னலைப் பார்த்து, "இன்னாப்பா, டீ குடிக்கிறியா?" என்று கேட்டார்.

அவன் அடுத்த வீட்டுக்கு நடந்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்களும் நடந்தோம்.