பேச்சியம்மாளின் அரை மணி நேரம்

கஞ்சி போட்ட ஏப்ரன் பட்டை வேர்வையில் ஊறிக் கழுத்தை அறுக்கும்... திருவனந்தபுரத்து வெயிலில் நாள் முழுக்க அதோடுதான் நிற்க வேண்டும். ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தி, யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நாகர்கோவிலிலிருந்து நர்சிங் படிக்கப் போன எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

பேச்சியம்மாள் மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளுகிறவள். வயிற்றில் கட்டி. மலையாளம் அரைகுறைதான். டாக்டர் என்ன சொன்னாலும் என் முகத்தைப் பார்ப்பாள்.

காலையில் ஆபரேஷன் முடிந்து கட்டிலுக்கு வந்துவிட்டாள். அரை மணிக்கொரு தடவை நாடி பார்த்து எழுதுவது என் வேலை. சின்ன மணல் கடிகாரத்தைக் கவிழ்த்துவிட்டு எண்ண வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குத் தொண்ணூற்றாறு. பன்னிரண்டரைக்கு நூற்றுப் பத்து. ஒரு மணிக்கு நூற்று இருபத்துநான்கு.

ஜுரம் இல்லை. கட்டுத் துணியில் ரத்தம் இல்லை. ஆனால் கை சில்லிட்டிருந்தது. தலையை இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டே இருந்தாள்.

“தண்ணி தாயி... ஒரு வாய்...”

மயக்க மருந்து தெளிந்தவர்கள் எல்லோரும் கேட்பதுதான். கொடுக்கக் கூடாது. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன்.

உள்ளே ரத்தம் கசிந்தால் நாடி ஏறும், உடம்பு குளிரும், தாகம் எடுக்கும்... பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். சந்தேகம் வந்தது. வார்டு சிஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். முந்தின வாரம்தான் ஒன்றுமில்லாத காரியத்துக்கு அவரைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருந்தேன்.

கூடப் படித்த சாரதாவிடம் கேட்டேன்.

“சிஸ்டர் இப்பத்தான் ஊணுக்கு உக்காந்தாங்க. சும்மா போயி கூப்பிடண்டா, கேட்டியா? அரை மணி கழிஞ்சு இன்னொருக்கா பாரு.”

காத்திருந்தேன்.

ஒன்றரைக்கு நாடி விரலுக்கு அகப்படவே இல்லை. உதடு வெளுத்துவிட்டது. மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஓடினேன். சிஸ்டர் சாப்பிட்ட கையோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டைத் தூக்கி வைத்தோம், சலைன் ஏற்றினோம். டாக்டர் வந்து மறுபடியும் தியேட்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார். வராந்தாவைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது.

சிஸ்டர் திட்டவில்லை. சார்ட்டைப் பார்த்தார்.

“எல்லாம் சரியா எழுதியிருக்கியல்லோ... ஆருகிட்ட சொன்னே?”

சார்ட்டை வாங்கிக் கட்டில் கம்பியில் மாட்டினேன்.

மறுநாள் அவள் புருஷன் மலையிலிருந்து இறங்கி வந்தார். செய்தியைத் தமிழில் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு,

“நம்ம பாசை பேசுற புள்ள ஒண்ணு பக்கத்துல இருந்துச்சுன்னு சொன்னாக. நல்லா இருங்க தாயி” என்று கும்பிட்டார்.

அந்தக் கும்பிடை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். சந்தேகம் வந்தால் சாப்பாடு, தூக்கம் எதுவும் பார்க்காமல் யாராக இருந்தாலும் எழுப்பினேன். திட்டும் வாங்கினேன். பேச்சியம்மாளுக்கு அதனால் ஒன்றுமில்லை.

போன மாதம் நானே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். இப்போது எல்லாம் மெஷின்தான். ஒரு ஸ்டூடண்ட் பெண் மெஷினைப் பார்த்தாள், என் கையையும் தொட்டுப் பார்த்தாள், உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் வந்து பார்த்து, “ஒண்ணுமில்லையே” என்று சிரித்துவிட்டுப் போனார். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நீ செஞ்சதுதான் சரி, மோளே” என்றேன்.

“தேங்க்ஸ் அம்மச்சி” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்...