வெள்ளை அட்சதை

இந்த இரண்டாயிரத்து இரண்டில் எனக்கு அறுபத்தேழு வயது நடக்கிறது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் கொழுந்தனார் விட்டுப்போனது. ஒருவரையும் ஒருவேளைகூடப் பட்டினி போட்டதில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் நிமிர்ந்து சொல்வேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்து மெதுவாகத்தான் வரும். வந்தால் என்ன, அமெரிக்காவில் இந்த பிரிட்ஜ்வாட்டரில் காலையில் எல்லோரும் காரில் ஏறிப் போய்விட்டால் வீடும் நானும்தான். எனக்கு ஓர் அவசரமும் இல்லை.

போன வாரம் கடைசிப் பேத்தி, பள்ளிக்கூடத்தில் படிக்கச் சொன்ன ஒரு ருஷ்யக் கதையை அடுப்படிக்கு வந்து பாதித் தமிழில் எனக்குச் சொன்னாள். பஞ்ச காலமாம், ஊரில் ரொட்டி இல்லையாம், அதற்குள் ஒரு கல்யாணமாம்.

"சாப்பிட ஒண்ணுமே இல்லேன்னா யாரு ஆச்சி மேரேஜ் பண்ணுவா? டஸின்ட் மேக் சென்ஸ்."

"எங்க அத்தை பண்ணினா" என்றேன்.

அவள் நம்பவில்லை. கராஜில் இருபது பவுண்டு அரிசி மூட்டை நான்கு அடுக்கியிருக்கிற வீட்டில் பிறந்தவள் எப்படி நம்புவாள்? அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். உலகச் சண்டை ஒரு பக்கம், மழை பொய்த்தது ஒரு பக்கம். ரேஷனில் சோளம் போட்டார்கள், அதிலும் பாதி வண்டு. அரிசியைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது.

அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, கல்யாணம் இரண்டு தடவை தள்ளிப் போயிருந்தது. அத்தைக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் காலத்தில் அந்த வயதுக்கு ஊர் வாய் சும்மா இருக்காது. மாப்பிள்ளைக்குப் பம்பாய் மில்லில் வேலை. இந்த வைகாசியில் நடக்காவிட்டால் வேறு பெண் பார்த்துக்கொள்கிறோம் என்று அவருடைய அம்மா சொல்லியனுப்பிவிட்டார். அப்பா சரி என்று நாள் குறித்துவிட்டார். விருந்துக்குக் கம்பங்கஞ்சியும் அவித்த கடலையும். ஆனால் அட்சதைக்கு என்ன செய்வது? கம்பைத் தூவி ஆசீர்வாதம் பண்ண முடியுமா? மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்க்கிறவர். அட்சதை விழாத தாலியை அவர் தாலி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார் என்று பேச்சு.

அம்மா எங்கிருந்தோ இரண்டு கை அரிசி சம்பாதித்து, உறியில் ஒளித்துவைத்து, கல்யாணத்தன்று மஞ்சள் தடவி ஒரு தட்டில் போட்டு என் கையில் கொடுத்தாள். "ஆளுக்கு ஒரு சிட்டிகை. அதுக்கு மேல குடுத்தே, தொலிய உரிச்சுருவேன்."

நான் அதற்கு மேல் கொடுக்கவில்லை. கொடுக்கவே இல்லை.

பந்தலுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு அரிசியை வாயில் போட்டேன். தப்பு அந்த ஒன்றில்தான். பச்சரிசி நாக்கில் கரைவதும் மஞ்சள் லேசாகக் கசப்பதும் இன்றைக்கும் தெரிகிறது. ஒரு சிட்டிகை என் பங்கு என்று எடுத்தேன். அப்பா பங்கை எடுத்தேன். பிறகு ஊரில் யார் யார் வரவில்லையோ அவர்கள் பங்கை எல்லாம் எடுத்தேன். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நின்று நிமிர்ந்து பார்த்தபோது தட்டில் மஞ்சள் தூள் மட்டும் இருந்தது. அதே நேரம் கெட்டிமேளம் கொட்டியது.

ஓடி வந்தேன். அம்மா தட்டைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனிந்துவிட்டார். அவருடைய அம்மா கழுத்தைத் திருப்பி, எல்லோருடைய வெறுங்கையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

அப்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்தார். ஒரு கை அரிசி அத்தையின் தலையில் விழுந்தது. அடுத்து ஒருத்தி அவிழ்த்தாள். பிறகு ஆண்கள் மடியிலிருந்தும் வந்தது. மஞ்சள் படாத வெள்ளை அரிசி, சடசடவென்று ஓட்டில் மழை விழுகிற மாதிரி. நாயனக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துத் தள்ளினார்.

தாலி ஏறியதும் மாப்பிள்ளை கையைத் தூக்கி, "யாரும் காலை எடுக்காதீங்க, மிதிச்சுராதீங்க" என்று சொல்லிவிட்டு, மாலையும் கழுத்துமாக ஜமுக்காளத்தில் மண்டி போட்டு அரிசி பொறுக்க ஆரம்பித்தார். வேட்டியும் சேலையும் முடிச்சுப் போட்டிருந்ததால் அத்தையும் கூடவே மண்டி போட வேண்டியதாயிற்று. அவர் இந்தப் பக்கம் போனால் அவள் இழுபட்டாள், அவள் அந்தப் பக்கம் போனால் அவர் இழுபட்டார். பந்தலே சிரித்தது.

"சம்பந்தி, எம்மவன் தாலி கட்ட வந்தானா, அரிசி பொறுக்க வந்தானா?" என்று அவர் அம்மா இடுப்பில் கை வைத்தார்.

"ரெண்டுக்கும் குனியத்தான வேணும் மதினி" என்றாள் என் அம்மா.

அந்த அம்மாள் முறைத்தார். பிறகு வாயைச் சேலையால் மூடிக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துத் தானும் உட்கார்ந்து பொறுக்கினார்.

பொறுக்கியதைக் களைந்து பெரிய பானையில் கஞ்சி காய்ச்சினார்கள். ஆளுக்கு ஓர் அகப்பை. மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டு, கட்டைவிரலால் என் உதட்டு மஞ்சளைத் துடைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார். "எங்க அட்சதை ஒன் வயித்துலயே விழுந்துருச்சு போல. பரவால்ல, நாங்க நல்லாருப்போம்." நன்றாகத்தான் இருந்தார்கள், ஐம்பத்திரண்டு வருஷம்.

நான் அரிசியைத் தின்றதால்தான் வானத்திலிருந்து இத்தனை அரிசி விழுந்தது, கல்யாணத்தைக் காப்பாற்றியதே நான்தான் என்று ரொம்ப நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். தினமும் ஒரு கல்யாணம் வை என்று அம்மாவை நச்சரிக்கவும் செய்தேன்.

அந்த அரிசி தூவுவதற்காக வந்ததே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் முன் எங்கள் பானை வெறும் கம்போடு நிற்கக் கூடாது என்று, ஆளாளுக்கு யாருக்கும் தெரியாமல் அடுப்படியில் போட்டுவிட்டுப் போவதற்காக முந்தானையிலும் மடியிலும் முடிந்து எடுத்து வந்தது. ஏழு பிள்ளைகளுக்கு ஆழாக்கில் அளந்து அளந்து உலை வைத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்த முடிச்சு ஒவ்வொன்றும் அந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு எடுத்துவைத்த கஞ்சி.

போன வருஷம் மூத்த பேத்தி கல்யாணத்தில், அரிசி போட்டால் கார்ப்பெட் பாழாகும் என்று ஹால்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ரோஜா இதழைத் தூவினோம். தூவிவிட்டு நான் மட்டும் குனிந்து கீழே பார்த்தேன்.

சரி, எழுதி முடித்துவிட்டேன். நீதான் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறாயே, இப்படி வா கண்ணு. முதல்ல இருந்து ஆச்சிக்கு வாசி. எழுத்துக் கூட்டியே வாசி, பரவாயில்லை. பெரியம்மா முடிச்சை அவிழ்க்கிற இடம் வந்தால் மட்டும் கொஞ்சம் நிறுத்தி வாசி.