பத்துப் பேர் ஏறும் அச்சுப்பொறி

சின்ன மாமாவுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் கண்டக்டர். மேம்பாலங்களுக்கு வரைபடம் போடும் நிறுவனத்தில் அவர் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனால் அலுவலகத்தின் ஒரே அச்சுப்பொறி அவருடைய கணினியோடு ஒரு குட்டை வயரால் பிணைக்கப்பட்டிருந்தது. மற்றவர்கள் அவர் கணினியின் வழியாகத்தான் அதை அடைய வேண்டும். அந்தக் கணினியோ ஒரே நேரத்தில் பத்துப் பேரைத்தான் உள்ளே விடும். பதினோராவது ஆளுக்கு, இதற்குமேல் இணைப்பு இல்லை என்று திரையிலேயே முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும்.

"உள்ள பத்துப் பேரு இருக்காங்க. யாராவது எறங்கினாத்தான் நீங்க ஏறலாம்" என்று மாமா ஒருநாள் விளக்கம் சொல்லப்போக, பெயர் ஒட்டிக்கொண்டது.

அதன்பின் இடம்பிடிக்கும் வழக்கம் தொடங்கியது. வந்ததும் வராததுமாக ஆளுக்கொரு வெற்றுத் தாளை அச்சுக்கு அனுப்பி, பேருந்து இருக்கையில் கைக்குட்டை போடுவதுபோல் இணைப்பைப் பிடித்துவிட்டு, அப்புறந்தான் கைப்பையை இறக்கிவைப்பார்கள். மாலைவரை ஒருவரும் இறங்கமாட்டார்கள். எத்தனையோ சுற்றறிக்கைகளுக்கு மசியாத அலுவலகம் இதற்காகக் குறித்த நேரத்துக்கு வந்து சேர்ந்தது. மேலாளர் மட்டும் எல்லாருக்கும் பின்னால் வந்து படியில் தொங்கினார்.

மாமாவின் பாடு வேறு. அவர் கணினியை அணைத்தால் அச்சுப்பொறி ஊமையாகிவிடும். ஆகவே கடைசி ஆள் கிளம்பும்வரை அவருக்கு விடுதலை கிடையாது. மகள் பூப்பந்து ஆடத் தொடங்கியதிலிருந்து ஒரு ஆட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. இறுதியாட்டத்தன்று காலை அத்தை சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்தபோதே சொல்லிவிட்டாள்: "அஞ்சு மணிக்கு மேட்ச். வரலைன்னா ராத்திரி சாப்பாட்டையும் அந்த மெஷின்கிட்டயே கேட்டு வாங்கிக்குங்க."

பிற்பகல் மூன்றரைக்கு மேலாளர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"கண்டக்டர், டெண்டர் இன்னைக்கே போயாகணும். யாரையாவது எறக்கிவிடுங்க."

மாமா கூடத்தைப் பார்த்தார். பத்துத் தலைகளும் திடீரென்று வேலையில் மூழ்கின.

"போன தடவை என்னைத்தான் எறக்கினீங்க" என்றார் கணக்குப் பிரிவு அம்மா, நிமிராமலேயே. "என் மீதி ரிப்போர்ட் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

"எனக்குக் கடைசி ஸ்டாப் சார்" என்றார் படம் வரைபவர்.

மாமா தொண்டையைச் செருமினார். "ஒரு வழி இருக்கு சார். பிரிண்டர் முதுகுலயே நெட்வொர்க் வயர் சொருக எடம் இருக்கு. சுவத்துல இருக்கிற பாயிண்டோட நேரா சேத்துட்டு, அதுக்குன்னு ஒரு அட்ரஸ் குடுத்துட்டா, எல்லாரும் நேரா அதுகிட்டயே போயிடலாம். என் வழியா வர வேண்டாம்."

"எத்தனை பேரு?"

"நம்ம எல்லாரும்தான். வரிசை போட்டு அடிச்சுக் குடுத்துடும்."

"இதை ஏன்யா இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னேன் சார். ஓடுறதை எதுக்கு நோண்டுறேன்னு கேட்டீங்க."

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நோண்டுங்க."

மாமா மேசைக்கடியில் புகுந்து, தூசியும் தும்மலுமாக வயரைச் சொருகி எழுந்தார். முதலில் மேலாளரின் கணினிக்குப் புதிய வழியைக் காட்டினார். டெண்டர் சூடாக வெளியே வந்தது. பிறகு மேசை மேசையாகப் போனார். கணக்குப் பிரிவு அம்மா மட்டும் பழைய இணைப்பை விடுவதாயில்லை.

"ரெண்டுலயும் ஒரு எடம் இருக்கட்டுமே."

"அந்த பஸ் இனிமே கெளம்பாதும்மா."

எல்லாம் முடிந்ததும் மாமா தம் கணினியை அணைத்தார். பத்துத் தலைகளும் நிமிர்ந்தன. அச்சுப்பொறி ஒரு கணம் தயங்கியது. பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல், அடுத்த தாளை இழுத்துக்கொண்டது.

"நன்றி கெட்டது" என்று முணுமுணுத்துவிட்டு மாமா டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அரங்கில் அவரைக் கண்டதும் மகள் மட்டையோடு ஓடிவந்தாள். "என்னப்பா, வேலை போயிடுச்சா?"

முதல் செட் முடியும் தறுவாயில் மாமாவின் கைப்பேசி அடித்தது. மேலாளர்தான். அச்சுப்பொறியில் தாள் தீர்ந்துவிட்டதாம். எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்தக் கோப்புக்குப் பின்னால் என்று மாமா வாயைப் பொத்திக்கொண்டு சொல்லி முடிப்பதற்குள் அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. மாமாவும் எழுந்து நின்று, எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

அத்தை சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க. அது எதிராளி எடுத்த பாயிண்ட்."

மாமா உட்கார்ந்தார். கைப்பேசியை அணைத்து, அத்தையின் பையில் போட்டார்.