யாசிகி வீட்டுப் பெரியவர்

எங்க பக்கத்து வீட்டு யாசிகியோட புருசன் அதிமே, கொக்கோ தோட்ட வேலைக்குன்னு தெற்க போய் ஏழு வருசம். ஆளும் இல்ல, சேதியும் இல்ல. இந்த மலையடிவாரத்துல வீட்டுத் தலைவன் ஊர்ல இல்லேன்னா முதல் கவளம் அந்த வீட்டு ஆமைக்கு. அது தின்ன பிறகுதான் மத்தவங்க சட்டியில கை வைக்கணும். அந்த ஆமை இருக்குற வரைக்கும் வீட்டுக்குத் தலைவன் இருக்கான்னு கணக்கு. யாசிகியும் ரெண்டு பொண்ணுங்களும் அந்த வீட்டுலயும் வெங்காயப் பாத்தியிலயும் நிலைச்சதே அதாலதான்.

அவளுக்கு அது ஆமை இல்ல, ‘பெரியவர்’. கோடையில பெரியவர் ஆள் நீளத்துக்கு வளை பறிச்சு உள்ள படுத்துக்குவார். வெளிய வந்தா எச்சிலை முன்னங்கால்ல வழியவிட்டுக் குளுத்திக்குவார். “என் வீட்டுக்காரரு இந்த அளவுக்குக்கூட குளிச்சதில்ல”ன்னு சிரிப்பா. நாள் முழுக்கச் சுரைக்குடுக்கையில தண்ணி சுமப்பா, வாய் மட்டும் ஓயாது. புருசன் இல்லாமலும் இப்படிச் சிரிக்கிறாளேன்னு எனக்கு அவமேல பொறாமைகூட உண்டு, பொய் சொல்வானேன்.

மழை ஓய்ஞ்ச பிறகு ஒரு நாள் காலையில அவ கொழுந்தன் ஒகோபாரா ஊர்க் கிழவர் மூணு பேரோட வந்து நின்னான்.

“மதினி, அண்ணன் இனி வரமாட்டான். வீட்டை நான் எடுத்துக்கறேன். நீ என் வீட்டுல ஒரு மூலையில இருந்துக்கோ.”

“தலைவர் இருக்காருல்ல தம்பி, அந்தா வளை தோண்டுறாரு.”

கம்புக் குதிர் நிழல்ல பெரியவர் மண்ணை மூத்திரத்தால நனைச்சு, பின்னங்காலால தள்ளிக்கிட்டிருந்தார். வளைன்னா முன்னங்காலாலதானே தோண்டும்? எனக்குச் சுருக்குன்னுச்சு. சொத்துன்னு ஒரு வெள்ளை முட்டை விழுந்துச்சு. அப்புறம் ஒண்ணு. இருபதுக்கு மேல நான் எண்ணல.

“அடேயப்பா! பெரியவரு பிள்ளை பெத்துட்டாரு!” ஒகோபாரா தொடையைத் தட்டிச் சிரிச்சான். “ஏழு வருசமா ஒரு பொட்டைக்கு முதல் கவளம் போட்டிருக்கா. அப்ப இது தலைவன் இல்லாத வீடுதான், கேட்டுக்கங்க!”

யாசிகி முகம் செத்துப்போச்சு. குட்டியா இருக்கறப்போ இதுங்க ஆணா பெண்ணான்னு யாருக்குத் தெரியும்? அவ முட்டைகளைப் பாத்துட்டு நிமிந்தா.

“ஆமா தம்பி, பொட்டதான். வெட்டுக்கிளி வந்த வருசம் உன் குதிர் காலி. நாலு மாசம் பொண்டாட்டி பிள்ளையோட என் சட்டியிலதான் தின்னே. தினமும் இந்தப் பொட்ட தின்னு முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தியே, அப்ப இந்த வீட்டுக்கு யாரு தலைன்னு நெனச்சே?”

மூத்த கிழவர் கைத்தடியை ஊனி முன்னால வந்தார்.

“வீட்டுக்குத் தலை இருக்கு. வாங்க, போவோம்.”

சொன்னப்போ அவர் கண்ணு யாசிகி மேலதான் இருந்துச்சு.